மூர்த்தி அண்ணைக்கு லோசானில் காப்புக் கட்டினார்கள்

கரண்டியால் அண்டாவின் விளிம்பில் ஒரு தட்டு. காதைக் கொண்டுபோய் அதன் வாயில் வைத்து ஒரு கேட்டல். "உது சரிவராது" என்று தள்ளிவிட்டு அடுத்த அண்டாவுக்குப் போவார். அதிலும் ஒரு தட்டு. எப்படியும் ஏதோ ஒன்று அவருக்கு வேண்டிய சுருதியைக் கொடுத்துவிடும். அதற்குப் பிறகுதான் உருத்திரமூர்த்தி அண்ணை குழாயைத் திறந்து தேய்க்கிற கம்பிப் பொச்சைக் கையில் எடுப்பார். இன்டர்லாக்கனில் நாங்கள் வேலை செய்கிற ஹோட்டலில் சூப் அண்டாக்கள் இந்த முறையில்தான் கழுவப்படுகின்றன.

கழுவத் தொடங்கினால் பாட்டும் தொடங்கும். கரைவலை இழுக்கிறவர்கள் பாடுகிற அம்பாப் பாட்டு. அவர் ஓரடி சொல்ல, தட்டுத் துடைக்கிற நாங்கள் "ஏலோ" என்று ஏற்க வேண்டும். குசினிக்குள் கடலும் வலையும் இல்லாதபடியால் இருக்கிற சாமான்களை வைத்தே அடிகளைக் கட்டுவார்.

"அண்டா பெரிசு ஏலோ, அடிப்பிடிச்ச சூப்பு ஏலோ,
கிண்டக் கிண்ட ஏலோ, ஷெஃப்புக்குக் கோபம் ஏலோ."

அடுப்புப் பக்கமிருந்து ஷெஃப் "ரூயிக், மூர்த்தி" என்பான். சத்தம் போடாதே என்று அர்த்தம். அண்ணை அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவார். சொல்லின் நடுவில் என்றாலும் நிறுத்துவார். கொஞ்ச நேரம் போக ஷெஃப்பே எட்டிப் பார்த்து, உனக்கு உடம்புக்கு ஏதும் சுகமில்லையா என்று கேட்பான். அண்ணை விட்ட எழுத்திலிருந்து தொடங்குவார்.

அவரைப் போலக் கதைப்பது கஷ்டமில்லை. நாடியை நெஞ்சோடு ஒட்ட வேண்டும். இடது புருவத்தை மட்டும் ஏற்ற வேண்டும். என்ன கேட்டாலும் "அது வந்து பார்" என்று தொடங்கி, கேட்டவர் தான் கேட்டதையே மறக்கும்வரை பேசாமல் இருக்க வேண்டும். எங்கள் அறையில் நான் இதைச் செய்து காட்டும்போது மற்ற எல்லோரையும்விட அதிகமாகச் சிரிப்பவர் அண்ணைதான். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு திருத்தமும் சொல்லுவார்.

"புருவம் சரி. குரலும் சரி. ஆனா நான் உவ்வளவு கெட்டித்தனமாய்க் கதைக்கிறேல்லையடா. அதைக் கொஞ்சம் குறை."

அம்பா பாடுகிறார் என்பதற்காக அவரை மீனவர் என்று நினைத்துவிடக் கூடாது. அண்ணைக்குக் கடலென்றால் பயம். துன் ஏரியில் ஓடுகிற உல்லாசக் கப்பலில் ஏறச் சொன்னாலே கைபிடிக் கம்பியைத் தேடுவார். ஊரில் மின்சாரசபையில் மீட்டர் பார்த்தவர். கரையோரத்து வீடுகளுக்கு மீட்டர் பார்க்கப் போகும்போது கடற்கரையில் வலை இழுப்பு நடந்தால் சைக்கிளைச் சாத்திவிட்டு நின்றுவிடுவாராம். அந்தப் பகுதி ஆட்களுக்கு அந்த மாதங்களில் கரண்ட் பில் ஏறுமாறாக வந்ததற்கு அண்ணையின் சங்கீத ஞானம்தான் காரணம். "யூனிட்டை மறந்து போவன். அடியை மறக்க மாட்டன்" என்று சொல்லுவார்.

அண்ணையைப் பற்றி எழுதும்போது இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் அண்ணையின் தொண்டை. அண்ணை தன் தொண்டையை "உவர்" என்றுதான் சொல்லுவார். மரியாதை குறையாது. "உவருக்கு இண்டைக்கு மனமில்லை." "உவரை நான் காலமை வெந்நீர் குடுத்துத்தான் எழுப்பினனான்." "எனக்கு வேண்டாம், உவர்தான் கேக்கிறார்." இந்தக் கடைசி வசனம் பிரண்டி தொடர்பானது. ஆட்கள் முன்னால் பாடுவதென்றால் உவருக்கு ஒரு மூடி பிரண்டி கொடுக்க வேண்டும். மூடி என்றால் மூடிதான். இருமல் மருந்துப் போத்தலில் பிரண்டியை ஊற்றி வைத்திருப்பார். மருந்து குடிப்பது போலவே முகத்தைச் சுளித்துக் குடிப்பார். அதற்கு மேல் ஒரு சொட்டுக் கேட்டாலும் உவருக்குக் கிடைக்காது.

அந்த மூடி இல்லாமல் ஒருமுறை பாட ஏறினார். பேர்ணில் ஒரு பொங்கல் விழா. போத்தல் இன்டர்லாக்கனில் ஜன்னலடியில் இருந்துவிட்டது. அண்ணை மேடைக்கு வந்தார், கும்பிட்டார், வாயைத் திறந்தார். காற்றுத்தான் வந்தது. மறுபடி திறந்தார். அதே காற்று. சபையைப் பார்த்து "மின்வெட்டு" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டார். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. அதைப் பகிடி என்று எடுத்துக்கொண்டார்கள். அன்று திரும்பி வருகிற ரயிலில் அண்ணை வழி முழுக்க ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தார். அதன் பிறகு போத்தல் யோகராஜாவின் பொறுப்பு. யோகராஜா எங்களுக்குத் தாளம் போடுகிறவன். கவிழ்த்த பிளாஸ்டிக் வாளியில் அவன் விரல் விளையாடினால் மேளம் தோற்றுவிடும்.

இந்த வருடம், எண்பத்தாறில், எங்களுக்கு லோசானிலிருந்து அழைப்பு வந்தது. பல நாட்டு ஆட்கள் தங்கள் தங்கள் நாட்டுப் பாட்டைப் பாடுகிற விழா. மாச் முதலாம் திகதி, சனிக்கிழமை. அண்ணை அழைப்பு விவரத்தைக் கேட்டுவிட்டு முதலில் கேட்ட கேள்வி, "ரோல்ஸ் எத்தினை கொண்டு வரட்டாம்?" என்பதுதான். கேட்டது நியாயம். அதுவரை வெள்ளைக்காரர் எங்களைக் கூப்பிட்ட எல்லா விழாவிலும் நாங்கள் ரோல்ஸ் பொரித்தோம். நேரம் மிஞ்சினால், சனம் சாப்பிட்டுக்கொண்டு நிற்க, மூலையில் நின்று பாடினோம். இந்த முறை ரோல்ஸ் வேண்டாமாம். மேடையாம். ரிக்கெற் எடுத்து வருகிற சனமாம். கதிரையில் இருந்து கேட்பார்களாம்.

"சாப்பாடில்லாமல் இருந்து கேப்பினமோ?" என்று அண்ணை இரண்டு தரம் கேட்டார். அன்றிலிருந்து குளிருக்குக் கழுத்தில் மூன்று சால்வை கட்டத் தொடங்கினார். மூன்றும் உவருக்கு.

லோசான் ரயில் நிலையத்தில் பத்மினி நின்றாள். அங்கே ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்கிற பிள்ளை. பிரெஞ்சு மளமளவென்று வரும். எங்களுடைய பெயரை விழாக்காரரிடம் கொடுத்தவளும் அவள்தான்.

"அண்ணை, மத்தியானம் உங்களுக்குப் பல்கேரிய ஆக்கள் வீட்டில சாப்பாடு. ஒரு குழு இன்னொரு குழுவுக்கு விருந்து குடுக்க வேணுமெண்டு ஒழுங்கு."

"அவையும் பாடுறவையோ?"

"ஓம். மனிசி பாடுறவ. பேர் ரத்கா. புருசன் ஸ்தோயான், பஸ் கராஜில மெக்கானிக். கன காலத்துக்கு முன்னம் அங்கயிருந்து தப்பி வந்தவை."

"அப்ப எங்கட கேஸ்தான். என்ன சாப்பிடுறவை?"

"உங்களை மாதிரித்தான் அண்ணை. அசையிறது எல்லாம்."

அண்ணையின் முகம் மலர்ந்தது. இறைச்சி என்றால் அவருக்கு உயிர். ஹோட்டலில் எலும்பில் ஒட்டியிருப்பதை அவர் எடுக்கிற நேர்த்தியைப் பார்த்தால் அந்த எலும்பை அலுமாரியில் வைக்கலாம்.

ஸ்தோயான் வீட்டு வாசலில் ரத்கா ஒரு பெரிய வட்டப் பாணையும் ஒரு கிண்ணத்தில் உப்பையும் வைத்துக்கொண்டு நின்றார். பாணில் ஒரு துண்டு பிய்த்து உப்பில் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டு உள்ளே போக வேண்டும். அண்ணை தோய்த்தார், சப்பினார், புருவத்தை ஏற்றினார்.

"அது வந்து பார்," என்றார். நாங்கள் காத்திருந்தோம். "உப்புக்கயே சரக்குத் தூள் கலந்து வைச்சிருக்கினம். இவை எங்கட ஆக்கள்தான்."

பிறகு நடந்ததுதான் விஷயம். உள்ளே போனதும் ரத்கா ஒரு தட்டம் நிறைய நூல் கொண்டுவந்தார். சிவப்பும் வெள்ளையும் சேர்த்து முறுக்கிய நூல். ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் கட்டிக்கொண்டே தங்கள் பாஷையில் ஏதோ வாழ்த்துச் சொன்னார். எங்களுக்கு அது ஒரு சின்ன அலங்காரம். இடது கை, வலது கை என்று பார்க்காமல் நீட்டினோம். அண்ணை மட்டும் மணிக்கூட்டைக் கழற்றிப் பொக்கற்றுக்குள் போட்டார். கழுத்துச் சால்வைகளையும் கழற்றினார். வலது கையை நீட்டி, கண்ணை மூடி, ரத்கா முடிச்சைப் போட்டு முடிக்கும்வரை அசையாமல் நின்றார். முடிந்ததும் அந்தக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ரத்காவுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. அண்ணையின் கன்னத்தில் தட்டினார்.

மேசையில் ஒரு சாண் இடம் இல்லை. ஒரு கதவைக் கழற்றி மேசையோடு சேர்த்துப் போட்டிருந்தார்கள். சுட்ட இறைச்சி உருளைகள், புகைந்துகொண்டு. தயிர், மிளகாய்ப்பழத் துவையல், அவித்த அவரை விதை, பாற்கட்டி வைத்துச் சுருட்டிச் சுட்ட பணியாரம். ஸ்தோயான் முள்ளுக்கரண்டியால் இறைச்சியைக் குத்தி அண்ணையின் தட்டத்துக்குக் கொண்டுவந்தார். அண்ணை தட்டத்தின் மேல் கையை விரித்துப் பிடித்தார்.

"பத்மினி, மச்சம் மாமிசம் வேண்டாமெண்டு சொல்லு பிள்ளை."

யோகராஜாவின் வாயிலிருந்த பாண் அப்படியே நின்றது.

"என்னண்ணை, வயித்துக்க ஏதுமோ?"

"காப்புக் கட்டியிருக்கு. தெரியேல்லையோ?"

"அண்ணை, உது காப்பில்லை," என்றாள் பத்மினி. "மாச் முதலாம் திகதி இவை ஆளுக்காள் கட்டுறது. சுகமாய் இருக்கட்டுமெண்டு."

"சுகமாய் இருக்கட்டுமெண்டு கட்டினா அதுக்குப் பேர் என்ன? வளையலோ?"

"அண்ணை..."

"பிள்ளை, என்ர பெரியப்பான்ர மோன் காப்புக் கட்டின கையோட ஆட்டிறைச்சி திண்டவன். அடுத்த நாள் கூகைக்கட்டு. ஒரு பக்கத்துக் கன்னம் தோளில இருந்தது. இண்டைக்கு உவருக்கு ஏதும் நடந்தா பின்னேரம் ஆர் பாடுறது?"

இந்த இடத்தில்தான் ஸ்தோயான் தன் போத்தலோடு வந்தார். பிளம்ஸ் பழத்தில் அவரே வடித்த சரக்கு. ரக்கியா என்பார்கள். சின்னக் கிளாசை அண்ணையின் முன்னால் வைத்துவிட்டு முகத்தைப் பார்த்தார். அண்ணை தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினார். ஸ்தோயான் மகிழ்ச்சியோடு கிளாசை நிரப்பினார். அண்ணை இன்னும் பலமாக ஆட்டினார். ஸ்தோயான் இன்னும் பெரிய கிளாஸ் கொண்டுவந்தார்.

"அண்ணை, ஆட்டாதேங்கோ," என்றாள் பத்மினி. "இவைக்கு அப்பிடி ஆட்டினா ஓம். மேலயும் கீழயும் ஆட்டினாத்தான் இல்லை."

அது பிந்திய செய்தி. கிளாஸ் நிரம்பிவிட்டது. ஸ்தோயான் எழுந்து நின்று, தன்னுடையதைத் தூக்கி, விருந்தாளி தூக்குவதற்காகக் காத்துக்கொண்டு நின்றார். அண்ணை தூக்கவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு கிளாசையே பார்த்தார். மேசை முழுவதும் அந்தக் கிளாசைப் பார்த்தது. ஸ்தோயான் தன் கிளாசைக் குடிக்காமலே கீழே வைத்தார். பிரெஞ்சில் ஏதோ மெதுவாகச் சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்தார்.

பத்மினி அதை எங்களுக்குச் சொல்ல விரும்பவில்லை. கேட்ட பிறகுதான் சொன்னாள்.

"இந்த நாட்டுக்கு வந்த புதுசில கன பேரைச் சாப்பிடக் கூப்பிட்டவராம். ஒருத்தரும் கிளாசைத் தொடேல்லையாம். இவன் என்ன ஊத்தித் தாறானோ எண்டு பார்த்தவையாம். நீங்களும் அப்பிடியோ எண்டு கேக்கிறார்."

அண்ணையின் முகம் சுருங்கிப்போனது. நான் அவரைப் பல குரலில் பல தரம் செய்து காட்டியிருக்கிறேன். அந்த முகம் எனக்கு வராது.

"எனக்கு வேணும் பிள்ளை. அதைச் சொல்லு. எனக்கும் வேணும், உவருக்கும் வேணும். பின்னேரம் பாட்டிருக்கு, எங்களை விட வேற ஆருக்கு வேணும்? ஆனா காப்பைக் கட்டினது இந்த வீடு. கட்டின வீட்டிலயே இருந்து அதை நான் முறிச்சா, அந்தப் பழி எனக்கில்லை, இந்த மனிசிக்கு. நல்லதுக்கெண்டு கட்டினவ. அவவுக்கு ஏன் நான் அதைச் செய்ய வேணும்?"

பத்மினி சொல்லத் தொடங்கினாள். நடுவில் சொல் கிடைக்காமல் தன் மணிக்கட்டைத் தொட்டுக் காட்டினாள். ஸ்தோயான் முதலில் ரத்காவைப் பார்த்தார். பிறகு அண்ணையின் கையைப் பார்த்தார். எட்டி அந்த நூலைத் தன் தடித்த விரலால் தொட்டார். விரல் நுனியில் கிறீஸ் கறை போகாமல் இருந்தது. ரத்காவும் அவரும் ஏதோ வாதாடினார்கள். பத்மினி கேட்டுச் சொன்னாள்.

"இதுக்கும் ஒரு முறை இருக்காம் அண்ணை. கண்டபடி கழட்டக் கூடாதாம். வசந்தத்தில முதல் பூத்த மரத்தைக் கண்டா, இல்லாட்டி முதல் நாரையைக் கண்டா, கழட்டி மரத்தில கட்டிவிடலாமாம்."

"பார்த்தியே," என்றார் அண்ணை. "காப்பில்லையாம். காப்பில்லாட்டி இறக்கிறதுக்கு முறை என்னத்துக்கு?"

யோகராஜா எழுந்துவிட்டான். "அப்ப என்ன, பூவைக் காட்டுவம். வெளிக்கிடுங்கோ."

ஏரிக்கு இறங்குகிற சின்ன ரயிலில் நாங்களும் பல்கேரியரும் நெருக்கியடித்துக்கொண்டு போனோம். கீழே காற்று முகத்தை வெட்டியது. கரை முழுவதும் மொட்டை மரங்கள். ஒவ்வொரு மரத்தடியிலும் ஸ்தோயான் நின்று அண்ணாந்து பார்த்தார். அண்ணையும் பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்தார். யோகராஜா தண்ணீரில் மிதந்த வெள்ளைப் பறவையைக் காட்டினான்.

"அண்ணை, நாரை."

"அது அன்னம்."

"ரெண்டும் ஒரு குடும்பந்தானே."

"நீயும் குரங்கும் ஒரு குடும்பந்தான். உன்னைக் கண்டிட்டுக் குரங்கைக் கண்டனெண்டு சொல்லட்டோ?"

ஒரு பூக்கடை வாசலில் வாளிக்குள் கிளைகள் நின்றன. மஞ்சள் பூ, கொத்துக் கொத்தாக. யோகராஜா ஓடிப்போய் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். அண்ணை அதைப் பார்த்தார். "கடைப்பூ. புகை போட்டுப் பழுக்கவைச்ச மாம்பழம் மாதிரி. கணக்கில்லை," என்றார். பத்மினி அதை மொழிபெயர்க்க வாயெடுப்பதற்கு முன்னமே ஸ்தோயான் அந்தக் கிளையை யோகராஜாவின் கையிலிருந்து வாங்கி, விரலை ஆட்டிக் கண்டித்து, வாளிக்குள் திருப்பி வைத்தார். பிறகு இருவரும் ஆளையாள் பார்த்துக்கொண்டார்கள். ஸ்தோயான் நீளமாக ஏதோ சொன்னார். அதற்குள் சிரிப்பும் இருந்தது.

"தன்ர பிள்ளையள் நூலைக் கட்டினவுடன கழட்டி மேசை லாச்சிக்குள்ள போடுறவையாம்," என்றாள் பத்மினி. "உங்களை மாதிரி ஒரு ஆளை இந்த ஊரில தான் காணேல்லையாம்."

வீட்டுக்குத் திரும்பியதும் ஸ்தோயான் செய்த முதல் வேலை, அண்ணையின் கிளாசில் இருந்ததை ஒரு சொட்டும் சிந்தாமல் போத்தலுக்குள் திருப்பி ஊற்றியது. பிறகு தன்னுடையதை. பிறகு எங்கள் எல்லோருடையதையும். தக்கையை அடித்து இறுக்கினார். தன் சட்டைக் கையை உயர்த்தித் தன் மணிக்கட்டு நூலை அண்ணைக்குக் காட்டினார். அவருக்கும் இன்றைக்கு இல்லையாம். பூக்கிறவரைக்கும் இல்லையாம். யோகராஜாவைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

அண்ணை மரக்கறியாகவே சாப்பிட்டார், ஆனால் குறைவாக இல்லை. பாற்கட்டிப் பணியாரத்தை ரத்கா வைக்க வைக்க உள்ளே போனது. ஹோட்டல் குசினியில் வேலை செய்கிற எங்களுக்கு அந்த மாவுக்குள் முட்டை இருப்பது பார்த்தவுடனே தெரியும். நான் வாயைத் திறந்தேன்.

"உதுக்குள்ள என்ன இருக்கெண்டு நான் கேக்கேல்லை," என்றார் அண்ணை, மென்றுகொண்டே. "கேக்காத ஆளுக்கு நீ ஏன் சொல்லுறாய்?"

சாப்பாட்டுக்குப் பிறகு ரத்காவும் அவருடைய குழுவில் பாடுகிற கூட்டாளிப் பெண்களும் குசினிக்குள் நின்று பாடிப் பார்த்தார்கள். ஒருவர் சொல்ல, மற்றவர்கள் ஒரே சுரத்தை மூச்சு விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அந்த இரண்டு குரலும் மிகக் கிட்டக் கிட்ட உரசிக்கொண்டு போகும். காது கூசும். அவர்களுடைய முறையே அதுதான். அண்ணை என் காதுக்குள் சொன்னார். "பாவங்கள், சுருதி ஒரு மயிரளவு விலகுது. சொல்ல வெக்கமாயிருக்கு." சொல்லாமல் உதவி செய்ய நினைத்து, கதவோரம் நின்று சரியான சுருதியை மெதுவாக இழுத்துக் கொடுத்தார். ரத்கா திரும்பிப் பார்த்தார். அண்ணை தங்களோடு சேர்ந்து பாட வருகிறார் என்று நினைத்து, கையைப் பிடித்து உள்ளே இழுத்துத் தங்கள் நடுவில் நிறுத்திக்கொண்டார். அரைமணித்தியாலம் அண்ணை அங்கே நின்றார். வெளியில் வந்தபோது, "விலகேல்லையடா. வேணுமெண்டுதான் அப்பிடி நிக்கினம்," என்றார்.

விழா ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில். திரை இடுக்கால் பார்த்தபோது கதிரைகள் நிரம்பிக்கொண்டிருந்தன. ஒருவர் கையிலும் சாப்பாட்டுத் தட்டம் இல்லை. அண்ணை சுவரோடு சாய்ந்து நின்றார். உதடு காய்ந்திருந்தது. யோகராஜா பொக்கற்றைத் தட்டிக் காட்டினான்.

"அண்ணை, மருந்தெண்டு நினைச்சுக் குடியுங்கோ. போத்தல் மருந்துப் போத்தல்தானே."

"வேண்டாம்."

"நூலைக் கொஞ்ச நேரம் கழட்டிப் பிடிச்சிருக்கட்டோ?" என்றேன் நான்.

"கட்டினது கட்டினதுதான். பிடிச்சிருக்க அது என்ன குடையோ?" பிறகு நாடி நெஞ்சைத் தொட என்னைப் பார்த்தார். "டேய், உவர் வராட்டி நீ பின்னால நிண்டு என்ர குரலில எடு. நான் வாயை அசைக்கிறன். உனக்கு வரும். சனத்துக்குத் தெரியாது."

எனக்கு வரும் என்பது உண்மை. தலையை ஆட்டினேன். எந்தப் பக்கமாக ஆட்டினேன் என்று இப்போதும் தெரியாது.

எங்கள் பெயரைச் சொன்னார்கள். அண்ணை நடுவில் போய் நின்றார். நாங்கள் பின்னால் வரிசையாக நின்றோம். யோகராஜா வாளியைக் கவிழ்த்துத் தாளத்தைத் தொடங்கினான். அண்ணை கும்பிட்டார், வாயைத் திறந்தார்.

"எட்டி இழுத்தால்..." என்று வந்தது. நல்ல குரல். நாங்கள் "ஏலோ" என்றோம். அடுத்த சொல்லில் காற்றுத்தான் வந்தது. அண்ணை வாயை மூடி விழுங்கினார். மறுபடி திறந்தார். காற்று. மண்டபத்தில் யாரோ கதிரையை அசைத்த சத்தம் கேட்டது. யோகராஜா நிறுத்தாமல் தட்டிக்கொண்டே இருந்தான். பேர்ண் விழாவில் நின்ற அதே நிலையில் அண்ணையின் தோள்கள் ஏறி நின்றன. தலையை மெல்லத் திருப்பி என்னைப் பார்த்தார்.

நான் நாடியை நெஞ்சோடு ஒட்டினேன். மூச்சை இழுத்தேன்.

அந்த நேரம் பக்கத்துத் திரைக்குள்ளிருந்து ஒரு சுரம் வந்தது. தங்கள் முறைக்குக் காத்து நின்ற ரத்காவும் பெண்களும். அண்ணை விட்ட சுரத்தை அவர்கள் பிடித்திருந்தார்கள். சொல் இல்லை, அம்பா இல்லை. அந்த ஒரே சுரத்தை, குசினிக்குள் பிடித்தது போல, விடாமல், ஒருவர் மூச்செடுக்க மற்றவர் தாங்கி, மண்டபத்தின் மரத்தரை அதிருமளவுக்குப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அது எங்களுடைய பாட்டில் இல்லாத விஷயம். முதல் வரிசையில் ஸ்தோயான் எழுந்து நின்றுவிட்டார்.

அண்ணை என்னிடமிருந்து கண்ணை எடுத்தார். திரையைப் பார்க்கவில்லை, சபையையும் பார்க்கவில்லை. காதைக் கொடுத்துக்கொண்டு நின்றார். பிறகு அந்தச் சுரத்துக்கு ஒரு மயிரளவு மேலே, அதை உரசிக்கொண்டு, குரல் ஏறியது. கரகரத்து, ஒருமுறை உடைந்து, உடைந்த இடத்திலேயே காலை ஊன்றிக்கொண்டு ஏறியது. குசினியில் அண்டா கழுவும்போதுகூட அந்தக் குரலை நான் கேட்டதில்லை.

"எட்டி இழுத்தால் ஏலோ, எறிகடல் கூட ஏலோ,
கிட்ட வருமாம் ஏலோ, கேட்டுக்கொள் தம்பி ஏலோ."

மூன்றாவது அடிக்குத் திரைக்குள்ளிருந்தும் "ஏலோ" வந்தது. நாலாவது அடிக்கு ஸ்தோயானிடமிருந்தும் வந்தது. அவருக்குப் பாட வராது. கிறீஸ் போடாத சில்லுப் போலிருந்தது. அவருக்குப் பின்னால் இருந்த சனம் முதலில் சிரித்தது. பிறகு அந்தச் சனமும் ஏற்கத் தொடங்கியது. அண்ணை புதிது புதிதாக அடி கட்டினார். மொட்டை மரம் வந்தது, அன்னம் வந்தது, கடைப்பூ வந்தது, தக்கை அடித்த போத்தலும் வந்தது. எங்களுக்கு மட்டும் விளங்கி நாங்கள் சிரித்துக்கொண்டே ஏற்றோம்.

பாட்டு உச்சத்துக்குப் போன இடத்தில் அண்ணை இழுப்பதற்குச் சாய்வது போல உடம்பைச் சாய்த்தார். மேடையில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற மனிதர் அவர். அன்றைக்கு அடி விடாமல் பாடிக்கொண்டே, தனக்குப் பின்னால் அடுத்ததாக வலை இழுக்க நிற்கிற ஆளிடம் கயிற்றைக் கொடுக்கிற மாதிரி, இடது கையைத் திரைப் பக்கமாக நீட்டினார். திரும்பிப் பார்க்கவில்லை. திரை விலகியது. மரத்தரையில் ரத்காவின் தோல் செருப்புச் சத்தம் கிட்ட வந்துகொண்டிருக்க, அந்தக் கை விரித்தபடியே அங்கே நின்றது.